மொட்டைமாடி மழைமானியின் பிழையியல்

வானத்திலிருந்து விழும் நீரை அளப்பது நெடுங்காலம் அரசர்களின் வேலையாக இருந்து வந்தது. அதைச் சொந்தச் செலவில், சொந்த மொட்டைமாடியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்யும் வழக்கம் சென்னை போன்ற நகரங்களில் பரவியது அண்மைக் காலத்தில்தான். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பண்டசாலையின் முன்னே ஒரு முழ அகல வாயுடைய குண்டம் ஒன்றை மழையளவுக்கென்று வைக்கச் சொல்லி, வறண்ட நிலத்துக்கு 16 துரோணம் மழை என்றும் கணக்குத் தருகிறது. கொரியாவின் செஜோங் மன்னர் 1440களின் தொடக்கத்தில் ஒரே அளவிலான மழைமானிகளைத் தம் நாட்டின் ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். தமிழ் உழவரோ கருவி எதுவுமின்றி, ஏர் பூட்டப் போதுமான ஈரத்தை 'ஓர் உழவு மழை' என்று நிலத்தைக் கொண்டே அளந்தனர். பஞ்சாங்கம் இன்றளவும் ஆண்டு பிறக்கும்போதே இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இவ்வளவு, மலையில் இவ்வளவு, பூமியில் இவ்வளவு என்று பங்கிட்டுத் தருகிறது. மழை பெய்வதற்கு முன்பே அளந்துவிடுவதால் கருவிப் பிழை என்னும் பேச்சுக்கே அதில் இடமில்லை என்பது அம்முறையின் தனிச்சிறப்பாகும்.

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள், மழை பெய்த பிறகு அளக்க முற்படும் எளியோரின் கருவியாகிய இல்ல மழைமானி மட்டுமே. மழை 1 மில்லிமீட்டர் என்றால், ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் நீர் அப்படியே தேங்கினால் சமதளத்தில் 1 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்று பொருள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அது சரியாக 1 லிட்டர் ஆகும். வீட்டு வானிலை நிலையங்களில் பெரும்பாலும் அமைவது கவிழ்கிண்ண மழைமானி எனத்தக்க வகை. புனலின் வழியே இறங்கும் நீர், ஏற்றப்பலகை போல நடுவே தாங்கப்பட்ட இரட்டைக் கிண்ணங்களுள் ஒன்றில் விழ, அது நிறைந்ததும் கவிழ்ந்து கொட்ட, மற்றது மேலே வந்து ஏந்திக்கொள்ள, ஒவ்வொரு கவிழ்தலையும் ஒரு காந்தமும் ஒரு சிறு சுவிட்சும் எண்ணிக்கொள்ளும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பாரே 1662 அளவில் இம்முறைக்கு மூலவர் எனப்படுகிறார். ஒரு கவிழ்தல் 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம் என்று வைத்து, புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டரானால், கிண்ணம் கொள்ளவேண்டிய நீர் 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சென்னையின் ஓராண்டு மழை முழுவதும் இந்தக் கரண்டியால் அளந்து தீர்க்கப்படுகிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருவன எளிதில் விளங்கும்.

அகத்திணையை முதல், கரு, உரி எனப் பகுத்துக் கற்கும் முறை மழைமானியின் பிழைகளுக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. முதற்பொருளாவன நிலமும் பொழுதும். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். அருகிலுள்ள எப்பொருளும் தன் உயரத்தைப்போல் குறைந்தது இருமடங்கு தள்ளி நிற்றல் வேண்டும். இவ்விதியை அரை கிரவுண்டு மனையில் பொருத்திப் பார்க்க. மனை ஏறத்தாழ 9 மீட்டருக்கு 12 மீட்டர். மாடிவீட்டின் உயரம் 7 மீட்டர். ஆகவே மழைமானி வீட்டிலிருந்து 14 மீட்டர் விலக வேண்டும். விலகினால் அது அடுத்த மனையையும் கடந்து, அங்கே நிற்கும் இன்னொரு மாடிவீட்டின் குளியலறைக்குள் போய்ச் சேரும். விதியை முழுதும் காக்க விரும்புவோர் முதலில் தம் வீட்டையும் பிறகு அக்கம்பக்கத்தார் வீடுகளையும் இடித்தாக வேண்டும் என்பதும், அவ்வாறு இடித்தபின் எஞ்சுவதை இல்ல வானிலை நிலையம் என அழைப்பதில் சொல்லிலக்கணச் சிக்கல் எழும் என்பதும் வெளிப்படை.

எனவே மழைமானி மாடிக்கு ஏறுகிறது. ஏறியதால் வரும் கேட்டை 1760களிலேயே வில்லியம் ஹெபர்டன் என்னும் லண்டன் மருத்துவர் கண்டறிந்தார். அவர் ஒரு மழைமானியைத் தரையிலும், ஒன்றை வீட்டுக் கூரையிலும், ஒன்றை வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உச்சியிலும் வைத்து ஓராண்டு அளந்தபோது, கூரையில் தரையைவிடக் குறைவாகவும், உச்சியில் தரையில் சேர்ந்ததன் ஏறத்தாழப் பாதியளவும் மட்டுமே நீர் சேர்ந்திருந்தது. விழும் துளி வழியிலுள்ள ஈரத்தை வாரிக்கொண்டு பெருக்கிறது, ஆகவே கீழே போகப் போக மழை கூடுகிறது என்று அறிஞர் பலர் நெடுநாள் நம்பினர். பிற்காலத்தில் பொருளியலாளராகப் புகழ்பெற்ற ஸ்டான்லி ஜெவன்ஸ்தான் 1861இல், குற்றம் துளியினுடையது அன்று, காற்றினுடையது என்று விளக்கினார்: உயரத்தில் வேகமாக வீசும் காற்று மழைமானியின் விளிம்பில் மோதி மேலெழும்பி, உள்ளே விழவேண்டிய துளிகளை அப்பால் கடத்திச் செல்கிறது. விலையின் ஏற்ற இறக்கத்தை ஆராயப் போகிறவர் அதற்கு முன்பே மழையின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்து பழகியது பொருத்தமே. மாடியின் கைப்பிடிச்சுவர் காற்றைச் சற்றுத் தடுக்கும், ஆனால் சாய்ந்து வரும் மழையையும் சேர்த்தே தடுக்கும். தண்ணீர்த் தொட்டி ஒரு திசையை மறைக்கும். துணிக்கொடி நேர்மேலே சென்றால், மழை விட்ட பின்னும் அரைமணி நேரம் 'மழை' சொட்டிக்கொண்டிருக்கும்.

நிலம் இவ்வாறாக, பொழுது இன்னும் நுட்பமானது. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8:30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30க்கு முடிகிறது. வீட்டு நிலையமோ நள்ளிரவில் கணக்கை முடித்துப் பூச்சியத்துக்குத் திரும்புகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு இரவில் கொட்டும் பழக்கம் உண்டாதலால், ஒரே இரவில் பெய்த 130 மில்லிமீட்டர் ஒரு கணக்கில் மிக கனமழையாகவும், மறு கணக்கில் இரண்டு சாதாரணக் கனமழைகளாகவும் துண்டாகிறது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கனமழை என்னும் தகுதி 64.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, 0.2 மில்லிமீட்டர் படிகளில் ஏறும் கருவியோ 64.4இலிருந்து நேரே 64.6க்குத் தாவுவதால், கனமழையின் வாசற்படியை அது எக்காலத்தும் மிதிக்க இயலாது. 64.4இல் மழை நின்றுவிட்ட இரவுகளில், கிண்ணத்தில் கவிழாமல் எஞ்சியிருக்கும் நீரை எண்ணி உறக்கமிழப்போர் உளர்.

கருப்பொருளாவன: சிலந்தி, எறும்பு, பல்லி, காகம், வேப்பம்பூ. இவற்றுள் காகத்தின் பங்கு எச்சம் என ஒரே சொல்லில் அடங்கும். சித்திரையில் உதிரும் வேப்பம்பூ புனலின் துளையை அடைத்துக்கொள்ள, கோடை மழை 40 மில்லிமீட்டரும் புனலில் தேங்கிச் சிறுகச் சிறுகக் கசிந்து, இரண்டு நாள் தொடர்ந்த தூறலாகப் பதிவாகும். வெயில் காயும் பகலில் தூறுவதாகக் கருவி சொன்னால், வானத்தைப் பார்ப்பதைவிடப் புனலைப் பார்ப்பது நலம். கிண்ணத்தின் அச்சில் சிலந்தி நூற்ற ஒரே இழை, ஒரு புயலையே இல்லாததாக்க வல்லது. மார்கழிப் பனி இதற்கு நேர்மாறாக, புனல் முழுதும் முத்து முத்தாகக் கூடி வழிந்து விடியற்காலையில் கிண்ணத்தை ஒருமுறை கவிழ்த்து, 0.2 மில்லிமீட்டர் மழையை எங்கிருந்தோ வரவழைக்கும். ஆட்டங்கொண்ட குழாயில் நிறுத்திய மழைமானி, துளி விழாத காற்றிலும் தானே ஆடிக் கவிழ்ந்து எண்ணிக்கொள்ளும்.

கருவியின் உடற்குறை தனி. கிண்ணம் கவிழ்வதற்கு ஒரு நொடியின் சிறு பகுதி தேவைப்படுகிறது. அப்போது புனலிலிருந்து இறங்கும் நீர் ஏற்கெனவே நிறைந்த கிண்ணத்திலேயே விழுந்து கணக்கில் சேராமல் போகிறது. தூறலில் இது பொருட்டன்று. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும்போது ஏழு நொடிக்கு ஒருமுறை கவிழ வேண்டியிருப்பதால், நூற்றில் சில பங்கு இவ்வாறே ஒழுகிவிடும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அங்கே இத்தகைய வீட்டுக் கருவி ஒன்று நின்றிருந்தால் அது 4,700 முறைக்கு மேல் குப்புற விழுந்து எழுந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சிறிது சிந்தியபடி.

எஞ்சியது உரிப்பொருள், அஃது ஒப்பிடலும் ஒப்பிடல் நிமித்தமும் ஆகும். இரண்டு தெரு தள்ளியுள்ள மாடியில் 82 என்றும் இங்கே 71 என்றும் காட்டும் காலையில்தான் அளவுத்திருத்தம் என்னும் சொல் ஒருவர் வாழ்வில் நுழைகிறது. மழை இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதும், 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் பெய்தது என்பதும் அவர் அறியாததல்ல. ஆயினும் வேறுபாடு தம் பக்கம் குறைவாக அமையும்போது அதை இயற்கையின் செயல் என்று ஏற்க மனித மனம் இடங்கொடுப்பதில்லை. அண்டைவீட்டு எண்ணைவிடக் கூடுதலாகக் காட்டும் மழைமானியை அதன் உரிமையாளர் கழற்றிச் சோதித்தார் என்னும் செய்தி அரிதினும் அரிது. கூடுதலாகக் காட்டும் கருவி நல்ல இடத்தில் வைக்கப்பட்ட கருவி எனவும், குறைவாகக் காட்டும் கருவி பழுதுற்ற கருவி எனவும் கொள்ளப்படுவதால், அளவுத்திருத்தம் எனப்படுவது நடைமுறையில் மேல்நோக்கி மட்டுமே நிகழும் ஒருவழிச் செயலாகும்.

அச்செயல் பின்வருமாறு. மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்றை வாங்குதல் வேண்டும். யாருக்கு உடம்பு சரியில்லை என்ற கேள்விக்கு மழைமானிக்கு என்று விடை சொல்லாதிருத்தல் நன்று. 400 மில்லிலிட்டர் நீரை அளந்து நிரப்பி, துணிக்கொடியில் தொங்கவிட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் புனலில் சொட்டவிட வேண்டும். விரைந்து ஊற்றினால் மேற்சொன்ன சிந்தற்பிழை புகுந்துவிடும். கருவி நூறு முறை கவிழ்ந்தால் அது நேர்மையானது. 92 முறையே கவிழ்ந்தால் கிண்ணம் 4 மில்லிலிட்டருக்கு மேல் ஏந்துகிறது என்று அறிந்து, கிண்ணங்களின் அடியிலுள்ள திருகுகளைக் கால் சுற்றுச் சுற்றாக உயர்த்தி, அது முன்னதாகவே கவிழும்படி செய்ய வேண்டும். திருகைத் தொட அஞ்சுவோர் கணக்கில் 1.087ஆல் பெருக்கிக்கொள்வர். இரண்டு கிண்ணங்களையும் ஒரே அளவில் திருகாவிட்டால் ஒன்று பெருந்தீனிக்காரனாகவும் மற்றது நோன்பிருப்பவனாகவும் மாறும். ஆகவே சோதனையை மும்முறை செய்தல் மரபு.

மழைக்காலத்தில் இதற்குப் பொழுது வாய்க்காது என்பதால், அறிந்தோர் இதை அக்கினி நட்சத்திரத்தில் செய்கின்றனர். எண்ணும் கம்பியைத் துண்டித்துவிட்டே சோதனையைத் தொடங்கிக் கவிழ்தல்களைக் கண்ணால் எண்ண வேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் அதை மறப்பதால், மேகமே இல்லாத மே மாத மதியத்தில், 41 டிகிரி வெயிலில், மும்முறை சோதனைக்கும் சேர்த்து அம்மாடியில் 58 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கருவி பதிந்துகொள்கிறது. அதை நீக்கும் வசதி கருவியிலேயே உண்டு. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கையில் இரண்டு தெரு தள்ளியுள்ள மாடியைவிட 50 மில்லிமீட்டர் குறைவதாகத் தெரியும் வரையில், அதை நீக்கியாக வேண்டும் என்ற எண்ணமும் உரிமையாளருக்கு உண்டு.