குழுப்பெயர்ச்சி: ஓர் ஆராய்ச்சி

குருப்பெயர்ச்சிக்குப் பலன் சொல்லத் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. குழுப்பெயர்ச்சிக்குத்தான் ஆளில்லை. அமெரிக்கத் தமிழியலின் இப்பெருங்குறையைப் போக்க எழுந்ததே இந்நூல். சூத்திரம் வருமாறு:

வாக்கால் பெயராது குழுவே, வாயில்
பூட்டிய காலைப் பெயரும் என்ப.

இது என் சொல்லிற்றோ எனின், எந்தக் குழுவும் ஓட்டெடுத்துக் குடிபெயராது, வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால்தான் பெயரும் என்றவாறு.

முதற்சான்று யாஹூ குழுமங்கள். 2019 அக்டோபரில் புதிய பதிவேற்றங்களை நிறுத்தினார்கள்; 2020 டிசம்பர் 15-இல் கடையையே மூடினார்கள். யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். மற்றவர்கள் அதற்கு முன்பே வாட்ஸப்பில் வாடகைக்குப் போயிருந்தார்கள்.

இரண்டாம் சான்று 2021 ஜனவரி. புதிய தனியுரிமைக் கொள்கையை பிப்ரவரி 8-க்குள் ஏற்கவேண்டும் என்றது வாட்ஸப். 7-ஆம் தேதி ஈலான் மஸ்க் சிக்னல் என்ற இன்னொரு செயலிக்குப் போகச் சொல்லி ட்வீட் போட்டார். எடிசன், ஃப்ரீமான்ட், ஃபிரிஸ்கோ என எங்கும் குரூப்கள் கொதித்தன. வாட்ஸப்பில் அன்று ஓட்டெடுப்பு வசதி இல்லை. ஆகவே ஆளுக்கொரு '+1'. நடுவே ஒருவர், "ஓக் ட்ரீ ரோட்டில் பொங்கல் கரும்பு வந்துவிட்டதா?" என்று கேட்டுவைக்க, கீழே மேலும் பல '+1'. அவை கரும்புக்கா சிக்னலுக்கா என்பது இன்றும் தீராத வழக்கு.

தீவிரவாதிகள் சிலர் சிக்னலுக்கே போய்ப் பால் காய்ச்சவும் செய்தார்கள். கூட்டம் தாங்காமல் ஜனவரி 15-இல் சிக்னல் முடங்கியது. அன்று மாட்டுப் பொங்கல். "சிக்னல் வேலை செய்யுதா?" என்று எல்லோரும் கேட்டுக்கொண்ட இடம் வாட்ஸப்.

இனி வீட்டுக்காரர் வரலாறு. வாட்ஸப்பை நிறுவிய பிரையன் ஆக்டன், ஜான் கூம் இருவருமே முன்னாள் யாஹூ ஊழியர்கள். 2014-இல் ஃபேஸ்புக் சுமார் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2017-இல் வெளியேறிய ஆக்டன், மறு ஆண்டே 5 கோடி டாலர் போட்டு சிக்னல் அறக்கட்டளைக்குத் துணை நின்றார். ஆக, யாஹூ இருந்த சன்னிவேலும் வாட்ஸப் பிறந்த மவுன்டன் வியூவும் அடுத்தடுத்த ஊர்கள்; நம்மவர் எங்கே குடிபோனாலும் பத்திரத்தில் ஒரே ஆளின் பெயர். பூட்டும் ஒன்றேதான்: வாட்ஸப் 2016-இலேயே சிக்னலின் மறையாக்கத்தைப் பொருத்திக்கொண்டது. யார் யாரோடு பேசினார் என்ற குறிப்பைச் சிக்னல் வைத்துக்கொள்வதில்லையே என்பார் உளர். நியாயம்தான். ஆனால் அதை அறிந்து '+1' போட்டவர் எத்தனை பேர்?

குடிபெயரும் வழக்கை உண்மையில் தீர்த்தவர் மாம்பலத்து அம்மா. "இதுலயே வீடியோ கால் வருதே, எதுக்குடா இன்னொண்ணு?" என்றார். பே ஏரியாவின் எந்தப் பொறியாளரிடமும் இதற்கு விடை இல்லை. வாட்ஸப்பும் கெடுவை மே 15-க்குத் தள்ளியது; கதவு சாத்தப்படவில்லை, ஆகவே குழுவும் நகரவில்லை.

2022-இல் ஓட்டெடுப்பு வசதி வந்தது. 256 பேர் என்றிருந்த குரூப் வரம்பும் 1,024 ஆனது. இடம் போதாமல் 'ஒன்று', 'இரண்டு' என்று பிரிந்த குரூப்களை இனி ஒன்றாக்கலாமே என்று ஒருவர் கேட்டார். யார் அட்மின் என்ற இடத்தில் பேச்சு நின்றது. அது இரண்டாம் பாகத்துக்கு உரியது.