நேஷனல் பாட்டு

கேள்வி: எங்கள் பேட்டைப் புத்தகக் கண்காட்சியைத் திறக்கும்போது கூட்டுப்பாட்டு, சுத்தியல் தட்டல் என்று ஒரே அமர்க்களம். கண்காட்சிக்கு எதற்கு சார் பாட்டு?
- வாசகி, சால்ட் லேக், கொல்கத்தா

பதில்: பேச்சாளர்கள் மைக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நல்ல காரியமாவது நடந்துவிடட்டுமே!

உங்கள் ஊருக்கு இது பழைய வழக்கம் அம்மா. 1867-இல் அங்கே 'இந்து மேளா'வைத் தொடங்கியவர் நவகோபால் மித்ரா. பத்திரிகை, பள்ளிக்கூடம், சர்க்கஸ் என்று எதைத் தொட்டாலும் 'நேஷனல்' என்றே பெயர் வைத்ததால், மனிதருக்கே 'நேஷனல் நவகோபால்' என்று பட்டப்பெயர். கைத்தொழில் பொருள்களும் மல்யுத்தமும் கலந்த அந்த மேளாவுக்காக ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத் எழுதிய தேசபக்திப் பாட்டு 1868-இல் பாடப்பட்டது. எழுதியவரோ முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரி. சம்பளம் விக்டோரியா மகாராணியின் சர்க்காரில். பாட்டு பாரத மாதாவுக்கு!

மகாராணி மட்டும் சளைத்தவரா? 1886-இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் காலனி, இந்தியக் கண்காட்சியை அவர் திறந்துவைத்தபோது, டென்னிசன் எழுதி சல்லிவன் இசையமைத்த பாட்டு போதாதென்று, பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் ஒரு சரணத்தை மாக்ஸ் முல்லரைக் கொண்டு சமஸ்கிருதமாக்கிப் பாடவைத்தார்கள். அர்ச்சனைத் தட்டு ஒன்றுதான் பாக்கி.