மூன்று பொய், ஒரு கால்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் ‘உண்மை’. அதன் முற்றத்தில் சுற்றுலாப் பயணிகள் முண்டியடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் சிலையின் பீடத்திலோ ‘ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638’ என்று இருக்கிறது. ஒரே வரியில் மூன்று பொய்.

கல்லூரி தொடங்கியது 1636-இல். அவர் நிறுவியவரே அல்லர். பாதிச் சொத்தையும் சுமார் 400 நூல்களையும் எழுதிவைத்த புண்ணியவான். அவர் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் 1884-இல் சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் ஒரு மாணவரைப் பார்த்து வடித்துவிட்டார்.

ஆனாலும் இடது காலைத் தடவினால் அதிர்ஷ்டமாம். பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துத் தேய்க்கவைக்கும் பெற்றோர் புண்ணியத்தில் அது பொன்னாய் மின்னுகிறது. இரவில் மாணவர்கள் அதே காலில் சிறுநீர் கழிப்பதாக வளாகத்தில் பேச்சு. பிள்ளைக்குப் படிப்பு வருகிறதோ இல்லையோ, கை கழுவும் பழக்கமாவது வரட்டும்!