பெருங்குடி வந்தா எழுப்புங்க

மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிறார் நம்மவர். பெயர் வேண்டாம், மானம் கப்பலேறிவிடும். வீடு பெருங்குடியில். சாயங்காலம் திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்துவிட்டால், மந்தைவெளி வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். அதற்குமுன் பக்கத்து இருக்கைக்காரரிடம், “சார், பெருங்குடி வந்தா கொஞ்சம் எழுப்புங்க” என்று தன்னை ஒப்படைப்பார். அவரும் தலையாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார். கண் திறந்தால் வேளச்சேரி.

“ராத்திரி எட்டு மணி நேரம் கட்டில்லதானே கிடக்கறீங்க? ரயில்ல வேற என்ன தூக்கம்?” என்பது மனைவியின் நியாயமான கேள்வி.

கிடப்பது உண்மைதான். பத்து மணிக்குப் படுப்பார். பதினொன்றுக்குத் தண்ணீர் லாரி பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வரும். பன்னிரண்டுக்குக் கரண்ட் போகும். அதைத் தெருவுக்கே அறிவிப்பதுபோல் மேல்வீட்டு இன்வெர்ட்டர் ‘பீப், பீப்’ என்று கத்தும். அது ஓய்ந்தால் நாய்கள். நாய்கள் ஓய்ந்தால் காதோரம் ஒரே ஒரு கொசு.

தன் ஒருவனுக்குத்தான் இந்த விதி என்று நினைத்திருந்தவருக்கு ஓர் ஆய்வு ஆறுதல் தந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் ஐந்து பேர் இதே சென்னையில் நடத்தி, 2021-ல் வெளியிட்டது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்குக் கணினியில் தரவு பதியும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டி, தூக்கத்தை அளந்தார்கள். படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். ஓர் இரவில் 30 முறைக்கு மேல் விழிப்பு! எட்டு மணி நேரம் கட்டிலில் கிடப்பதும் தூங்குவதும் ஒன்றல்ல என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதாக நம்மவர் மனைவிக்குப் படித்துக் காட்டினார். “அந்த முப்பதுல பத்து தடவை உங்க குறட்டைக்கு நான் முழிச்சது” என்று பதில் வந்தது.

துண்டு துண்டாகத் தூங்குவதில் மனிதனுக்கு வாத்தியார் அண்டார்டிகாவில் இருக்கிறார். அங்கே கூடு காக்கும் ஒரு வகைப் பென்குவின், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் தூங்குகிறது. ஒவ்வொரு தூக்கமும் சுமார் 4 விநாடி. கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரம் தேறுகிறது என்கிறது 2023-ல் வந்த ஆய்வு. நம்மவருக்கு இருக்கிற சில்லறை அவ்வளவு சேருவதில்லை.

அண்டார்டிகா வரை போவானேன்? பெருங்குடிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. குப்பை மேட்டின் வாசனையைப் பொருட்படுத்தாமல் அங்கே பூநாரைகள் வருகின்றன. ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்குவது பூநாரையின் வழக்கம். கால் வலிக்காதா? இறந்த பூநாரை ஒன்றை ஒற்றைக் காலில் நிறுத்தினால்கூடச் சாயாமல் நிற்கும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2017-ல் கண்டார்கள். மூட்டின் அமைப்பு அப்படி, தசைக்கு வேலையே இல்லை. அதே பூநாரையை இரண்டு காலில் நிறுத்தினால் விழுந்துவிடுமாம். ஓ.எம்.ஆர். பேருந்தில் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டே தூங்கியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வாத்துகள் இன்னும் கெட்டி. வரிசையாகத் தூங்கும்போது ஓரத்து வாத்து, வெளிப்பக்கக் கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளும். மூளையில் பாதி தூங்கும், பாதி காவல் பார்க்கும். 1999-ல் இது நிரூபணமானது. மனிதனுக்கும் இதன் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. பழக்கமில்லாத இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் இடப்பாதி மற்றதைப் போல ஆழ்ந்து தூங்குவதில்லை என்று 2016-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். கல்யாணமான புதிதில், கும்பகோணத்து மாமியார் வீட்டில், நம்மவர் இரவெல்லாம் உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்ததற்கு இருபத்திரண்டு வருஷம் கழித்துக் காரணம் கிடைத்தது. காபி ஸ்ட்ராங்காக இருந்தது என்று அன்று மாமியார்மேல் பழி போட்டுவிட்டார்.

பறக்கும் ரயிலில் தூங்குவதற்கும் முன்னோடி உண்டு. கலாபகஸ் தீவுகளின் ஃப்ரிகேட் பறவைகள், நாள்கணக்கில் கடல்மேல் பறக்கும்போது பறந்தபடியே தூங்குகின்றன. ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 42 நிமிடம்தான். கரை வந்து சேர்ந்தபிறகுதான் முழுத் தூக்கம். அவை ஸ்டேஷனைத் தவறவிடுவதில்லை.

இனி கனவு. நம்மவர் குடியிருப்பின் மாடிப்படியடியில் ‘மணி’ என்றொரு நாய். தூக்கத்தில் அதன் நாலு காலும் ஓடும், உதடு துடிக்கும், சன்னமாக ஒரு ‘வவ்’ வரும். ஆனால் எழுந்து ஓடாது. கனவு மிகுந்த அந்த நேரத்தில் கண்கள் இமைக்குள் உருளும், உடம்பின் தசைகளை மூளை பூட்டிவிடும். இந்தக் கண் உருளலை 1953-ல் உலகுக்குச் சொன்ன யூஜின் அசரின்ஸ்கி, சிகாகோவில் தன் எட்டு வயது மகனின் தலையில் ஒயர்களை ஒட்டித்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்தப் பூட்டைக் கெடுத்தால் என்ன ஆகும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி மிஷேல் ஜூவே பூனைகளிடம் பார்த்தார். அவை தூங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத எலிமேல் பாய்ந்தன.

சில நேரம் மனிதன் விழித்துவிடுவான், பூட்டு திறக்க நேரமாகும். கண் தெரியும், கை வராது, குரல் வராது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம்மூரில் இதற்குப் பெயர் அமுக்குவான் பேய். நம்மவரை ஒரு தடவை அமுக்கியபோது அவர் அம்மா தலையணைக்கடியில் அரிவாள்மணையை வைத்தார். பேய் மறுபடி வரவில்லை. ஆனால் அரிவாள்மணையின் மேல் படுத்தவனுக்குத் தூக்கமும் வரவில்லை.

கனவில் பலன் பார்த்தவரும் இதே சென்னையில் இருந்திருக்கிறார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்கள் காட்டுவதாகச் சொல்வாராம். அவர் அம்மாவுக்கு ஒரு கனவு வந்த பிறகுதான் 1914-ல் இங்கிலாந்துக் கப்பல் ஏறினார் என்பார்கள். நம்மவருக்கும் கனவில் கணக்குதான் வருகிறது. நாற்பத்தெட்டு வயதிலும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை, கையில் ஹால் டிக்கெட் இல்லை, கீழே லுங்கி.

மறுபடி சென்னை ஆய்வுக்கு வருவோம். மெத்தை, மின்விசிறி, காதடைப்பான் எல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறன் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் வேறு சிலரை மத்தியானம் அலுவலகத்திலேயே அரை மணி தூங்க விட்டார்கள். அவர்களுக்குக் கவனம் கூடியது, வேலை வேகமானது, மனமும் தெளிந்தது. மத்தியானச் சொக்கலுக்குத் தயிர்சாதம்தான் காரணம் என்பதும் முழு உண்மையில்லை. சாப்பிடாதவருக்கும் அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரம் கொஞ்சம் தொய்கிறது.

நம்மவர் இதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போனார். மேஜைக்கடியில் ஒரு பாய், அரை மணி நேரம், அவ்வளவுதான் கோரிக்கை. ஆடிட்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி முழுவதையும் படித்தார்.

“ஓய், இந்த வரியைப் பார்த்தீரா? அந்த அரை மணியும் உக்காந்து வேலை பார்த்தவாளைவிட, தூங்கினவாளுக்கு மொத்த வரும்படி குறைச்சல்னு போட்டிருக்கான்.”

போட்டுத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தை நம்மவர் சரியாகப் படிக்கவில்லை. அதைப் படித்தது மத்தியானம் மூன்று மணிக்கு.

அன்று சாயங்காலமும் கண் திறந்தபோது வேளச்சேரி. இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெருங்குடி அடுத்த ஸ்டேஷன்தான், யாரிடமும் சொல்லி வைக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

விழித்தபோது இந்திரா நகர்.