மச்சானும் பானைக்குள் போகக் கூடாது

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் யானையைத்தான் படம் எடுக்கிறார்கள். அந்த யானையின் காலடிப் பக்கம் ஒரு பூனை இருக்கிறது. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள், பக்தியோடு.

பூனையின் கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. சொல்லி அனுப்புகிறவன் துரியோதனன். ஊரான் நாட்டை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், 'நீ ஒரு போலிச் சாமியார்' என்று தருமனுக்குத் தூது விடுகிறான். ஊழல் குற்றச்சாட்டை முதலில் கிளப்புவது யார் என்ற விஷயத்தில் நாம் பெரிதாக மாறிவிடவில்லை.

கதைப்படி, வேலையெல்லாம் விட்டுவிட்ட ஒரு பூனை கங்கைக் கரையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. எலிச் சமூகம் கூடி, 'எங்கள் முதியோரையும் குழந்தைகளையும் நீங்களே காப்பாற்ற வேண்டும்' என்று மனு கொடுத்தது. பூனை முதலில் தயங்கியது. தவம் ஒரு பக்கம், பொதுப்பணி ஒரு பக்கம் என்றால் உடம்பு தாங்க வேண்டாமா? தினமும் என்னை ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று படிக்கு ஏற்பாடு செய்துகொண்டு பொறுப்பேற்றது. அதன் பிறகு பூனை பெருத்தது, எலிகள் குறைந்தன. கடைசியில் ஒரு கிழ எலி வேண்டிய ஆவணத்தை நேரில் ஆய்வு செய்தது. கிழங்கும் கனியும் தின்கிறவரின் மலத்தில் மயிர் எப்படி வந்தது என்று கேட்டது. எனக்குத் தெரிந்து முதல் தணிக்கை ஆட்சேபம் அதுதான். ஆட்சேபம் வந்தபோது தொகை செலவாகியிருந்தது. எலிகள் ஓடிவிட்டன, பூனையிடமிருந்து ஒன்றும் வசூலாகவில்லை.

பல்லவச் சிற்பி இதைக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். எலிகளின் தரப்பில் யாராவது யோசித்தார்களா என்று பார்க்க இன்னும் இருநூற்றைம்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். இடம் அதிக தூரமில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919.

அங்கே ஏரியைப் பார்ப்பது முதலான வேலைகளுக்கு ஊர்ச் சபையின் வாரியங்கள், அதாவது குழுக்கள், இருந்தன; பெயர் எழுதிய ஓலைகளைப் பானையில் போட்டு ஆள் எடுக்கும் விதியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் குடவோலை என்றதும் நமக்குப் பள்ளிக்கூடப் பாடமும் மேடைப் பெருமையும் நினைவுக்கு வரும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் விழாவில் பிரதமர் வரைக்கும் உத்திரமேரூரைச் சொன்னார். 'உலகுக்கு ஜனநாயகம் தந்தோம்' என்று மார் தட்டுகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை ஒரு தடவை முழுக்கப் படித்தால் தட்டுகிற வேகம் குறையும். முதலில், அது தேர்தல் இல்லை, குலுக்கல். இரண்டாவது, அது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களின் பெயர்தான் பானைக்குள் போனது. அந்த நிலத்தை உழுதவர் பெயர் ஓலைக்கே வரவில்லை.

இந்தக் குறையை ஒத்துக்கொண்டு படித்தால், கல்வெட்டில் வேறொரு சுகம் இருக்கிறது. எழுதியவர்களுக்கு மனித குலத்தின் மீது கொஞ்சம்கூட நம்பிக்கை கிடையாது.

919-இல் ஒரு விதி போட்டார்கள். இரண்டே வருடத்தில், 921-இல், அதைத் திருத்தினார்கள். முதல் விதியில் உறுப்பினர் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். திருத்தத்தில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். காரணம் கல்லில் இல்லை. அறுபதைத் தாண்டிய யாரோ ஒரு பெரியவர் சபையில் பலமாகக் கனைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அசல் சங்கதி தகுதி நீக்கத்தில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைப் பானையில் போடக் கூடாது. சரி, அவனுக்குப் பதில் தம்பியை நிறுத்திவிடலாமே? தம்பியும் கூடாது, அண்ணனும் கூடாது. அப்பா, மகன்? கூடாது. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள், தாயின் சகோதரன், தந்தையின் சகோதரன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் பிள்ளைகள், மருமகன், ஒருவரையும் விடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க மறந்துபோகிற சொந்தத்தைக்கூட இந்தச் சபை மறக்கவில்லை. ஒவ்வொரு உறவுக்கும் பின்னால் நடந்த ஏதோ ஒரு கதை இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. சும்மா உட்கார்ந்து யோசித்தால் அத்தை பிள்ளை வரைக்கும் யாருக்கும் புத்தி போகாது.

திருடன், பொய்க் கையெழுத்துப் போட்டவன், தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவன் எல்லாரும் பட்டியலில் உண்டு. சில பாவங்களுக்குப் பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம், சாமி மன்னிப்பார். ஆனாலும் உயிர் உள்ளவரை வாரியத்தில் இடமில்லை. சாமிக்கு மன்னிக்க வசதி இருக்கிறது, ஏரிக் கரைக்கு அந்த வசதி இல்லை.

குலுக்கலைப் பாருங்கள். முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. குடும்புக்கு ஒரு ஓலைக் கட்டு. ஊரே கூடியிருக்க வேண்டும்; கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் பானையைத் தூக்கி எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஒன்றும் தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு வெறும் பானையில் குலுக்கிப் போட்டு, அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்தால்? அவர் படித்த பிறகு நம்பிமார் அத்தனை பேரும் அதையே படிக்க வேண்டும். மத்தியஸ்தனுக்குக் கண் சரியாகத் தெரியாமல் போனால்?

கணக்கு எழுதுகிறவனுக்கும் பிடி உண்டு. எழுதியவனே வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும், அவனுக்காக வேறொரு கணக்கன் முடித்துத் தரக் கூடாது. சுத்தம் என்று சபை சொல்லும்வரை மறுபடி வேலை கிடையாது. 'முந்தைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், கோப்பு அவரிடம் இருக்கிறது' என்ற பதிலைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கேட்டுச் சலித்தவர்கள் எழுதிய விதி இது. பொன் மாற்றுப் பார்க்கிறவர்கள் இன்னும் பாவம். உரசும்போது உதிரும் பொடி ஒட்டிய மெழுகைக்கூட ஏரி வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

சோழர் போனார்கள், வாரியமும் போனது. 1790களில் கிழக்கிந்தியக் கும்பினியின் செங்கல்பட்டு ஜாகீருக்கு லயனல் பிளேஸ் கலெக்டர். மதுராந்தகம் ஏரிக் கரை மழைதோறும் உடைந்துகொண்டிருந்ததாம். ஒரு மழை இரவில் துரை போய்ப் பார்க்க, வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையில் காவல் நின்றார்கள். ராமனும் லட்சுமணனும் என்பது ஊர்க்கதை. அதனால்தான் அங்கே ஏரி காத்த ராமர். இந்த வட்டாரத்துப் பொதுப்பணி வரலாற்றிலேயே, வேலைக்கு வந்தும் மஸ்டர் ரோலில் பெயர் இல்லாதவர்கள் அந்த இருவர்தான். மற்றபடி நாம் பார்ப்பது பெயர் இருக்கும், ஆள் இருக்காது.

2020-க்கு வருவோம். பிரதமரின் விவசாயிகள் நிதியுதவித் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் அதில் நுழைந்துவிட்டதாக வேளாண் துறையே சொன்னது. போன பணம் ரூ.110 கோடி. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. நுழைந்த வழி மிக எளிது. அதிகாரிகளின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் ஒப்பந்த ஊழியர் கைக்கும், அங்கிருந்து தனியார் கம்ப்யூட்டர் சென்டருக்கும் போயிருந்தன. ஐந்து விரலை விரித்து ஓலை வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால், பாஸ்வேர்டு என்றால் என்ன என்று கேட்க மாட்டார்கள். யாருடைய மச்சான் அந்த சென்டர் வைத்திருக்கிறான் என்று கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். வேதம் தெரிய வேண்டாம், கால் வேலி நிலம் வேண்டாம், வயது பதினெட்டும் வாக்காளர் பட்டியலில் பெயரும் போதும். போய் உட்காருங்கள், கணக்கைக் கேளுங்கள், காண்டிராக்ட் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அவருக்கு அத்தை பிள்ளை யார் என்றும் விசாரியுங்கள்.