வீட்டுக் கால இயந்திரங்கள்: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரையின் முதற்பகுதி

கால இயந்திரம் என்பது யாது? காலத்தில் செல்லும் இயந்திரம். (இவ்வரையறையை மறுப்போருக்கு வேறோர் இடத்தில் விரிவாக விடை பகர்ந்துள்ளேன், அந்த இடம் இன்னும் எழுதப்படவில்லை.) வீட்டில் செய்யத்தக்கவை மூவகைப்படும்: பின்செல்வன, முன்செல்வன, சுவரில் தொங்குவன.

பின்செல்வன: 1895-இல் எச்.ஜி. வெல்ஸ் நாவலில் ஒன்றைச் செய்தார். உதிரிபாகப் பட்டியல் தரவில்லை. 1974-இல் ஃபிராங்க் டிப்ளர் காட்டிய வழிக்கு முடிவற்ற நீளமுள்ள உருளை ஒன்று சுழல வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதியில்லை. ஸ்டீஃபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று காலப்பயணிகளுக்கு விருந்து வைத்து, எல்லாம் முடிந்த பிறகு அழைப்பு விடுத்தார். ஒருவரும் வரவில்லை. மொய் எழுதுவோர் பட்டியலைப் பார்க்காமல் இதிலிருந்து முடிவுக்கு வருவது அவசரம். இவ்வகையில் வென்றவர்கள் நம் இலக்கியக் கால ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே. ஒரு நூலை ஐந்நூறு ஆண்டு பின்னுக்கு அனுப்ப அவர்களுக்கு உருளை வேண்டாம். ஓர் அடிக்குறிப்பு போதும்.

முன்செல்வன: 2005-இல் அமெரிக்க ஆர்வலர் ஒருவர் சீசியம் கடிகாரங்களையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றி, ரெய்னியர் மலையில் இரண்டு நாள் தங்கித் திரும்பினார். வீட்டிலிருந்தவற்றைவிட மலையேறிய கடிகாரங்கள் சுமார் 22 நானோ வினாடி கூடுதலாக ஓடியிருந்தன. ஈர்ப்பு குறையும் உயரத்தில் காலம் விரையும் என்று ஐன்ஸ்டைன் சொன்னது சரியாயிற்று. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே நாளொன்றுக்கு 20 நானோ வினாடி அளவுக்கு அதிகமாக மூப்படையலாம். எனவே எதிர்காலத்துக்குப் பயணிப்பவர் கொடைக்கானல் போனவர் அல்லர், ராமேஸ்வரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரே என்பது முடிபு. அறை வாடகை மிச்சம் என்பது கிளை முடிபு.

சுவரில் தொங்குவன: கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தலே இவ்வகை. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னிருந்த மதராஸ் நேரத்தை 1906-இல் ஐந்தரையாக்கியபோது அரசாங்கமும் இதைத்தான் செய்தது. ஒன்பதோடு நிறுத்தியது சர்க்கார் சிக்கனம்.

‘பத்து நிமிஷம் தள்ளி வெச்சிருக்கேன், அப்பவாவது கிளம்புவீங்களான்னு’ (பெரியம்மா, அடுப்பங்கரை வாய்மொழி). வீட்டார் உடனே மனத்துக்குள் பத்தைக் கழிக்கின்றனர் (மாமா, மின்கட்டண அட்டையின் பின்பக்கம், பென்சில் பிரதி). அதை உணர்ந்த பெரியம்மா இரவோடு இரவாகப் பதினைந்தாக்குகிறார், கழித்தலும் பதினைந்தாகிறது. இத்தொடருக்கு எல்லை உண்டா என்பது பற்றித் தாத்தா எழுதியுள்ளார் (பஞ்சாங்க ஓரக்குறிப்பு, ஆடி மாதப் பக்கம், இரண்டாம் வரி எண்ணெய்க் கறையால் சிதைவு, கறை நல்லெண்ணெயே என்பது ஒரு சாரார் துணிபு, கடலை எண்ணெய் என்போர் முகர்ந்து பாராதவர், இரு தரப்பும் 2 கருத்தரங்குகளுக்குப் பின் பேசிக்கொள்வதில்லை).

இந்த இயந்திரத்தில் உண்மையாகவே பயணிப்பவர் விருந்தாளி. அவருக்குக் கழிக்கத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, காபியைப் பாதியில் வைத்து, பேருந்து நிலையத்துக்கு ஓடி, முந்தைய பேருந்தையே பிடித்துவிடுகிறார். அதுவும் தாமதமாக வந்தது என்போர் ஆய்வு நெறி அறியாதவர்.

பேட்டரி தீர்ந்து நின்ற கடிகாரம் எவ்வகையில் அடங்கும் என்பது இரண்டாம் தொகுதியின் பொருள். அதற்கான நல்கை விண்ணப்பம், கடைசித் தேதி கடந்துவிட்டபடியால், போன மாதத் தேதியிட்டு அனுப்பப்பட்டுள்ளது.