துணியைத் திருத்துங்கள்!

கேள்வி: எனக்கு இடுப்பு சின்னது, மேலும் கீழும் அகலம். சுடிதார் ஒரு பக்கம் பிடிக்கிறது, ஒரு பக்கம் தொளதொளக்கிறது. தினமும் வேலைக்கு எதைப் போடுவது?
– வாசகி, கீழப்பழுவூர்

பதில்: குறை ரெடிமேட் அளவில், உங்களிடம் இல்லை! அரசி செம்பியன் மாதேவி எனக் கருதப்படும் சோழர் செப்புத் திருமேனி வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இதே ஒடுங்கிய இடையோடு கம்பீரமாக நிற்கிறது. சுடிதாரை மார்புக்கும் சீட்டுக்கும் சரியாக எடுங்கள். இடுப்பில் முன்னும் பின்னும் டாட் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே மடியும் துணியை வெட்ட விடாதீர்கள், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். சைடு ஓப்பன் அகலம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே ஆரம்பிக்கட்டும், உட்கார்ந்தால் இழுக்காது. சேலையா? மொடமொடக் கஞ்சி வேண்டாம். மெல்லிய பருத்தி, தட்டையாகச் செருகிய கொசுவம். உங்கள் அரியலூர் வெயிலுக்கும் இதம்.